எட்டாவது தகடு

ட்ரிகரில் பாதி அழுத்தம் கொடுத்தாகிவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு மூச்சு போதும்.

நான் குப்புறப் படுத்திருந்தேன். வயிற்றுக்குக் கீழே செம்மண் கொதித்தது. இடது முழங்கையில் ஒரு சரளைக்கல் குத்திக்கொண்டே இருந்தது. அதை நகர்த்த நேரமில்லை. ஸ்கோப்புக்குள், வெகு தூரத்தில், வெள்ளை அடித்த ஓர் இரும்புத் தகடு கானலில் நெளிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கடியில் கிடக்கும் தட்டு மாதிரி.

"பத்தொம்போது செகண்டு," என்றாள் ஷகிலா. என் வலது தோளுக்குப் பக்கத்தில் அவளும் படுத்திருந்தாள், தன்னுடைய தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி. "அடி கலை. கலை, அடி!"

அடிக்கத்தான் போனேன்.

அப்போது தகட்டின் காலடியில் நீலமாக ஏதோ எழுந்தது.

தூரம் சொல்ல மாட்டார்கள்

மாசி மகக் கூட்டத்தில் பந்தோபஸ்து நின்றது பற்றிப் போன வாரம் எழுதியதற்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். 'போலீஸ்காரம்மா திருடனைப் பிடித்த கதை எழுதுவார் என்று பார்த்தால், காணாமல் போன செருப்பைப் பற்றி எழுதுகிறாரே' என்று. அவருக்காகவே இந்த வாரம் துப்பாக்கி. ஆனால் இதிலும் திருடன் கிடையாது.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையைத் தாண்டி, செம்மண் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஓர் இடம். பக்கத்திலேயே கைவிட்ட கல்குவாரி. அங்கே ஒரு சுடுதளம் அமைத்திருந்தார்கள். சுடும்போது யாரும் உள்ளே வரக் கூடாது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு சிவப்புக் கொடி. யாருடையது, பெயர் என்ன என்பதை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. பல வருடங்களுக்கு முந்தைய பங்குனி, வெயில் ஏறத் தொடங்கிய நாட்கள். பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் போலீஸ் அணிகள் வந்திருந்தன. இரண்டிரண்டு பேராகப் பன்னிரண்டு ஜோடி. அதில் பெண்கள் ஜோடி நாங்கள் ஒன்றுதான்.

சாதாரணச் சுடும் போட்டியில் தூரம் முன்கூட்டியே தெரியும். நூறு மீட்டர், முந்நூறு மீட்டர் என்று பலகை நட்டிருப்பார்கள். இது அப்படி இல்லை. மேட்டிலிருந்து பார்த்தால் எதிரே பள்ளம், புதர், பாறை, அப்பால் கரை. அதற்குள் எங்கெங்கோ எட்டுத் தகடுகளை ஒளித்து வைத்திருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட வேண்டும். தூரம் அளக்கும் கருவி எதுவும் கொண்டுவரக் கூடாது. ஒரு தகட்டுக்கு ஒரே ஒரு குண்டு. எட்டுக்கும் சேர்த்து ஆறு நிமிடம்.

ஒருவர் சுடுவார். இன்னொருவர் பார்த்துச் சொல்வார். சுடுகிறவள் நான். பார்த்துச் சொல்கிறவள் ஷகிலா.

தூரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டு நேர்க்கோட்டில் போவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். போகாது. எறிந்த கல் மாதிரி அதுவும் வளைந்து கீழே இறங்கிக்கொண்டேதான் போகும். அது எவ்வளவு இறங்கும் என்று தெரிந்தால்தான் குழாயை அதற்கேற்ப உயர்த்த முடியும். ஸ்கோப்பின் தலையில் ஒரு திருகு இருக்கும். 'நாப்' என்போம். இத்தனை மீட்டர் என்று கணக்கு வந்ததும் நாபை அந்த எண்ணுக்குத் திருப்பி வைத்துச் சுட வேண்டும். எண் தப்பினால் குண்டும் தப்பும்.

கருவாட்டைச் சுடு

நான் துப்பாக்கியைத் தேடிப் போனவள் இல்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. அப்பா மில்லில் நூல் பிரிவில் இருந்தார். மில் மூடிய பிறகு ஒரு தனியார் கிடங்கில் வாட்ச்மேன். எனக்கு வேலை வேண்டும் என்று விண்ணப்பித்த ஏழெட்டு இடங்களில் போலீஸும் ஒன்று. அது கிடைத்தது. அவ்வளவுதான்.

பயிற்சியில் முதல் நாள் சுட்டபோது துப்பாக்கி உதைத்த உதையில் தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே அழுதாள். மறுநாள் இலக்குப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்த பயிற்சியாளர், "இது யாரு சுட்டது?" என்று கேட்டார். ஐந்து ஓட்டைகளையும் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம். நான் கையைத் தூக்கினேன். தோள் வலித்ததால் இடது கையைத் தூக்கினேன்.

பிறகு சில வருடங்கள் கனகசெட்டிக்குளம் எல்லையில் செக்போஸ்ட் பணி. அங்கே கருவாடு காயவைக்கும் பெண்களோடு நல்ல பழக்கம். நான் ரைஃபிள் அணியில் இருக்கிறேன் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருத்தி கேட்டாள்:

"ஏம்மா போலீசு, துப்பாக்கி வச்சிகினு என்னாத்த சுடுற?"

"தகடுக்கா. இரும்புத் தகடு."

"அத்த எதுக்கு சுடுற? இங்க வந்து கருவாட்டச் சுடு. ராத்திரி சோத்துக்காச்சும் ஆவும்."

இன்றைக்கும் எங்கள் அணியில் யாராவது குண்டைத் தவறவிட்டால், "கருவாடு சுட்டுட்டியா?" என்றுதான் கேட்போம்.

தையல்காரர் மகள்

ஷகிலாவும் நானும் ஒரே வருடம் பணியில் சேர்ந்தவர்கள். அவள் டவுன்காரி. அப்பாவுக்குத் தையல் கடை. வாடிக்கையாளர் கடைப்படி ஏறும்போதே தோள் பதினேழரை, கை இருபத்துநாலு என்று அவர் மனத்துக்குள் சொல்லிவிடுவாராம். அந்தக் கண் அப்படியே ஷகிலாவுக்கு இருந்தது. ஸ்டேஷனில் புதிதாக யார் வந்தாலும், "இவருக்கு யூனிபாரம் ரெண்டு இஞ்சு லூசு," என்று என் காதில் சொல்வாள். சரியாக இருக்கும்.

தூரம் கணிப்பதற்கு இந்தக் கண்தான் வேண்டும். ஸ்கோப்புக்குள் சிலுவைக் கோடு ஒன்று தெரியும். அதன்மேல் சம இடைவெளியில் புள்ளிகள். தகட்டின் அகலம் ஒன்றரை அடி என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தகடு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே முழு இடத்தையும் அடைத்தால் இத்தனை மீட்டர், பாதி இடத்தை அடைத்தால் அதைப்போல இரண்டு மடங்கு. தூரம் ஏற ஏறத் தகடு சிறுக்கும். முக்கால்வாசி அடைக்கிறதா, அதற்கும் கொஞ்சம் குறைவா என்ற இடத்தில்தான் சண்டை வரும். மயிரிழை வித்தியாசம் அங்கே அறுபது மீட்டராகிவிடும்.

இந்த வேலையில் ஷகிலா என்னைவிடக் கெட்டிக்காரி. இதை எழுத எனக்குத் தயக்கம் இல்லை. அன்றைக்கு ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

காரணம், முந்தின வருடப் போட்டி. ஒரு தகட்டுக்கு அவள் ஒரு தூரம் சொன்னாள். எனக்கு வேறாகத் தோன்றியது. அவள் சொன்னதை விட்டுவிட்டு என் கணக்கில் வைத்துச் சுட்டேன். இரண்டு நொடி கழித்து 'டங்' என்று இரும்புச் சத்தம் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே, "சரி, நீ ஜெயிச்ச," என்றாள். அந்தச் சத்தம்தான் என்னைக் கெடுத்தது.

முக்காலா, குறைச்சலா

அன்று காலையில் ஏழு ஜோடிகள் சுட்டு முடித்தார்கள். பிறகு சாப்பாட்டு இடைவேளை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒரு வேட்டுச் சத்தம் இல்லை. சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது. எனக்கு இறங்கவில்லை, அப்படியே மடித்து வைத்துவிட்டேன். இடைவேளைக்குப் பிறகு முதல் ஜோடி நாங்கள்.

எங்கள் அணிப் பொறுப்பாளர் சப்-இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தி சார் பக்கத்தில் வந்து குனிந்தார். "காலைல ஒரே ஒரு ஜோடி ஏழு. மத்த யாரும் ஆறுக்கு மேல போவல. நீங்க எட்டும் அடிச்சா தங்கம். ஏழு அடிச்சா கூட முதல் மூணுக்குள்ள வந்துரலாம். பதறாதீங்க," என்றார். பதறாதீங்க என்று சொல்லும்போது அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நசுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஆண் போலீஸ் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து போடும் சிவப்புத் தொப்பியைப் பார்த்து, பேண்டு வாத்தியக் கோஷ்டி வந்திருக்கிறது என்று காலையில் யாரோ கிண்டல் செய்திருந்தார்கள். அது அவர் மனத்தில் இருந்தது.

விசில் ஊதியது.

முதல் ஐந்து தகடுகளும் எங்களுக்கு விழுந்தன. ஷகிலா எண்ணைச் சொல்வாள், நான் நாபைத் திருப்புவேன், அவள் காற்றைச் சொல்வாள், நான் சுடுவேன், டங். நடுவில் வேறு பேச்சே இல்லை. ஆறாவது பாறை இடுக்கில் இருந்தது. அதுவும் விழுந்தது. ஏழாவதற்குள் கடற்காற்று எழும்பிவிட்டது. "அரைத் தகடு லெப்ட்ல புடி," என்றாள். பிடித்தேன். சத்தம் வருவதற்குள் ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. டங்.

பின்னால் தட்சிணாமூர்த்தி சார் தொண்டையைச் செருமுவது கேட்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. ஒரே தகடு.

அதைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. கடைசிக் கரையின் மேல், சீமைக்கருவேலம் புதரை ஒட்டி, ஓர் இரும்புக் கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். கானலில் அதன் இரண்டு ஓரமும் கரைந்து கரைந்து போயின.

"அறுநூத்தி நாப்பது," என்றாள் ஷகிலா.

நான் என் ஸ்கோப்பில் பார்த்தேன். முக்காலுக்கு மேலேயே அடைப்பதாகத் தெரிந்தது. "இல்லடி. ஐநூத்தி எம்பது."

"கானல்ல வீங்கித் தெரியுது கலை. முக்காலுக்குக் கம்மி. அறுநூத்தி நாப்பது வை."

"எனக்கு முக்காலுக்கு மேல தெரியுது."

"நான் நல்லாப் பாத்துட்டேன். நாப்பது வை."

"நீ இன்னொருக்கா பாரு."

"பாத்துட்டன்டி! நாப்பது செகண்டுதான் இருக்கு."

என் கை நாபைத் திருப்பியது. ஐநூற்று எண்பதில் நிறுத்தினேன். அவள் தொலைநோக்கியில் இருந்தாள். கவனிக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

மூச்சை விட்டேன். சிலுவைக் கோடு தகட்டின் நடுவில் வந்து நின்றது.

ஸ்டாப்

நீலம். வெளுத்த நீலம். தகட்டுக்குக் கீழே, கம்பத்தின் இடப்பக்கம், ஒரு முழ உயரம் எழுந்தது. பிறகு இல்லை.

"ஸ்டாப்!" என்று கத்தினேன். "ஆள்! ஆள் இருக்குது! ஸ்டாப்!"

என் விரல் ட்ரிகரை விட்டு வந்திருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னால் இழுத்தேன், சுடாத குண்டு வெளியே வந்து மண்ணில் விழுந்தது. நடுவர் நீளமாக விசில் ஊதினார். கடிகாரத்தை நிறுத்தினார்கள். பதினோரு நொடி பாக்கி.

நடுவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"எங்க பாத்தீங்க?"

"எட்டாவது தகட்டுக்கு அடியில சார். நீலமா."

"ஆணா பொண்ணா?"

"தெரியில சார். துணி மாரி தெரிஞ்சுது."

அவர் ஷகிலாவைப் பார்த்தார். "நீங்க?"

ஷகிலா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். "நான் காத்தப் பாத்துட்டு இருந்தேன் சார். கானலத்தான் பாத்தேன். எனக்குத் தெரியல."

ஜீப்பில் இரண்டு பேரை அனுப்பினார்கள். அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றிப் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும் ஸ்கோப்பில் பார்த்தேன். கரை, கம்பம், புதர், தகடு. நீலம் எதுவும் இல்லை. பத்து நிமிடம் கழித்து வாக்கிடாக்கியில் குரல் வந்தது. "கிளியர் சார். யாரும் இல்ல."

எனக்குப் பின்னால் வேறோர் அணிக்காரர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "டைம் முடியப்போவுதுல்ல? நல்ல நாடகம்."

நடுவர்கள் மூன்று பேர் தனியாகப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து முடிவைச் சொன்னார்கள். ஆபத்து இருப்பது உறுதியானால்தான் மறுபடி சுட வாய்ப்பு. உறுதியாகவில்லை. எனவே எட்டாவது குண்டு தவறியதாகக் கணக்கு. அதற்கு மேல், காரணமில்லாமல் போட்டியை நிறுத்தியதற்காக ஒரு புள்ளி குறைப்பு. ஏழு ஆறாயிற்று. மீதி நான்கு ஜோடிகளும் சுட்டு முடித்தபோது நாங்கள் நான்காவது இடத்தில் இருந்தோம். பதக்கம் முதல் மூன்று ஜோடிகளுக்குத்தான்.

தட்சிணாமூர்த்தி சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கைல வந்துதும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் ட்ரம் பக்கத்தில்

மற்றவர்கள் சுட்டு முடிக்கும்வரை காத்திருந்த அந்த ஒரு மணி நேரம் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்ததை நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன். கானல் என்னவெல்லாமோ காட்டும். நீலப் பிளாஸ்டிக் பை ஒன்று காற்றில் பறந்திருக்கலாம். இல்லாவிட்டால், தப்பான தூரத்தை வைத்துவிட்டோம் என்று உள்மனதுக்குத் தெரிந்து, சுடாமல் தப்பிக்க அதுவே ஒரு நீலத்தைக் காட்டியிருக்கலாம். அப்படியும் யோசித்தேன்.

தண்ணீர் ட்ரம் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஷகிலா வந்தாள்.

"உண்மையச் சொல்லு. பாத்தியா?"

"பாத்தன்டி."

"இல்ல, தூரத்துல டவுட்டு வந்து நிறுத்தினியா?"

எனக்குச் சுரீரென்றது. "நீயே கேக்குறியா? அவனுங்க சொன்னா பரவால்ல, நீயே கேக்குறியா?"

"ஆமா, நான் கேக்குறேன். நீ நாப என்னா வச்சன்னு நான் பாத்தேன். நான் சொன்னத நீ வைக்கல. ஆறு வருசமா உன் பக்கத்துல படுத்துகினு நம்பர் சொல்றேன். கடைசில என் நம்பரு உனக்கு வேணாம். அப்ப நான் எதுக்குடி?"

முகத்தில் தண்ணீர் சொட்டியது. துடைக்கவில்லை.

அவள், "வா," என்றாள். "நடந்து பாத்துரலாம். அறுநூத்தி நாப்பதா, நீ சொன்னதான்னு. அதையாச்சும் தெரிஞ்சிகினு வூட்டுக்குப் போறேன்."

எண்ணூற்று நாற்பத்து நான்கு

சுடுதல் முழுக்க முடிந்துவிட்டிருந்தது. துப்பாக்கிகள் பெட்டிக்குள் போயாயிற்று. நடுவரிடம் போய்த் தகடுவரை நடந்து பார்க்கலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பரேடில் பழகிய கால் எங்களுக்கு. ஓர் எட்டு, அதாவது ஒரு காலடி, முப்பது அங்குலம். ஷகிலா சத்தமாக எண்ணிக்கொண்டே முன்னால் நடந்தாள். நான் பின்னால். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் அவள் எண்ணிக்கை மெதுவாகும். முந்நூறு. நானூறு. கால்சட்டையெல்லாம் நெருஞ்சி ஒட்டிக்கொண்டது.

என் கணக்கு சரியென்றால் எழுநூற்று அறுபது காலடி வர வேண்டும். அவள் கணக்கு சரியென்றால் எண்ணூற்று நாற்பது.

எழுநூற்று அறுபது வந்தபோது கரை இன்னும் எதிரே நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டே போனாள். கம்பத்தில் கை வைத்தபோது எண்ணூற்று நாற்பத்து நான்கு.

"நாலு எட்டு பள்ளத்துல கூடப் போயிருக்கும்," என்றாள். ஜெயித்த குரல் இல்லை அது. களைத்த குரல்.

"நீ சொன்னதுதான் சரி," என்றேன்.

அவள் அதைக் கேட்கவில்லை. கம்பத்தின் இடப்பக்கம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே கருவேலங்குச்சிகளை வெட்டி அடுக்கி, பழைய சேலைக் கிழிசலால் கட்டிய ஒரு விறகுக்கட்டு கிடந்தது. வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கொடுவாள்.

நீலச் சட்டை

புதருக்குள் சலசலத்தது. நான் ஒன்றும் யோசிக்காமல், "யாரது?" என்று ஸ்டேஷன் குரலில் அதட்டிவிட்டேன். பிறகு தணித்துக்கொண்டு, "வாங்கக்கா. ஒண்ணும் பண்ண மாட்டோம்," என்றேன்.

ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்டிருந்தார். தொழிற்சாலையில் கொடுக்கிற சட்டை. வெளுத்த நீலம். முழங்கையிலும் முகவாயிலும் செம்மண் அப்பியிருந்தது.

ஷகிலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத முயன்று மூன்று முறை அடித்துவிட்டேன். விட்டுவிடுகிறேன்.

"எப்பக்கா உள்ள வந்தீங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

"மதியம்மா. காலைல கம்பெனில கூட்டுற வேல. அது முடிஞ்சுதுன்னா வெறகுக்கு வருவேன். காலைலேர்ந்து டமாரு டமாருனு கேட்டுது. அப்பறம் சத்தமே இல்ல. முடிஞ்சிடுச்சுன்னு பூந்துட்டேன். அந்தாண்ட வேலிக் கம்பி அறுந்து கெடக்குது."

"செவப்புக் கொடி ஏத்தியிருக்கே, பாக்கலியா?"

"அது என்னிக்கிம் தான பறக்குது? சுட்டாலும் பறக்குது, சுடாட்டியும் பறக்குது."

ஷகிலா திரும்பி, தூரத்தில் பறந்த கொடியைப் பார்த்தாள்.

"அப்பறம் திடீர்னு ஆரம்பிச்சிட்டீங்க. எழுந்தா மேல பட்டுரும்னு இங்கயே பொதர் மறைவுல குந்திட்டேன்," என்று கம்பத்தின் அடியைக் காட்டினார். "ஏழு வேட்டு எண்ணுனேன். அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே காணம். சரி, ஓடிரலாம்னு தலையத் தூக்குனேன். அங்க யாரோ கத்துறாப்ல கேட்டுது, விசிலு ஊதுனாங்க. அப்பறம் ஜீப்பு வந்துது. புடிச்சிகினு போயிருவாங்கன்னு அந்தக் கால்வாயில படுத்துட்டேன். அவங்க எறங்காமயே திரும்பிட்டாங்க, மறுபடி வேட்டு ஆரம்பிச்சிடுச்சு, எழுந்திருக்கவே இல்ல."

ஏழு வேட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லாமல் போன அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் முக்காலா குறைச்சலா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஷகிலா என் பக்கம் திரும்பி, அந்த அம்மாவுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டாள். "ஐநூத்தி எம்பதுல தான வச்ச?"

"ம்."

அவள் தகட்டைப் பார்த்தாள். அதன் நடுவிலிருந்து கண்ணால் கீழே அளந்துகொண்டு வந்தாள், துணியில் நாடா வைப்பது மாதிரி. "ரெண்டரை, மூணு அடி எறங்கியிருக்கும்," என்றாள். அவள் கண் வந்து நின்ற இடத்தில், கம்பத்தின் அடியில், அந்த அம்மா குந்தியிருந்த அச்சு மண்ணில் அப்படியே இருந்தது.

கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்பெனில சொல்லிராதீங்கம்மா," என்றார் அவர். "ரேஞ்சுக்குள்ள பூந்தேன்னு தெரிஞ்சா வேலைய வுட்டு நிறுத்திருவாங்க. இத்தோட இந்தப் பக்கமே வரல."

"சொல்லல. நீங்க கெளம்புங்க. வந்த வழியாவே போங்க."

"கொஞ்சம் தூக்கி வுடும்மா."

விறகுக்கட்டின் ஒரு முனையை நானும் மறுமுனையை ஷகிலாவும் பிடித்துத் தூக்கினோம். அவ்வளவு கனமில்லை. ஆனால் அவர் தலையில் வைக்கும்போது என் பக்கம் கடகடவென்று ஆடியது. குச்சிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

அவர் கட்டுக்கு அடியிலிருந்து கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். "என்னாம்மா, கை இந்த நடுங்கு நடுங்குது? சாப்புடலியா?"

"இல்லக்கா. இன்னும் சாப்புடல," என்றேன்.

நடுவர் கேட்டது

திரும்பி வரும் வழியில் ஷகிலா எண்ணவில்லை. பாதித் தூரம் வந்ததும், "நான் உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள். நான், "நான் நாபத் திருப்பியிருக்கக் கூடாது," என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

நடுவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பரிசளிப்புக்கு இன்னும் அரைமணி இருந்தது. தட்சிணாமூர்த்தி சார் வேனிலிருந்து இறங்கி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்.

ஷகிலா சொன்னாள். "சார், கெழக்குப் பக்கம் வேலி அறுந்திருக்குது. ஆள் பூந்து வர அளவுக்கு. சாப்பாட்டுக்கு அப்பறம் ஒருக்கா சுத்திப் பாத்துட்டு ஆரம்பிச்சிருக்கணும் சார். அப்பறம் அந்தச் செவப்புக் கொடி. சுடாத நாள்லயும் அது மேலயே கெடக்குது. ஊர்ல யாரும் அத மதிக்கிறதில்ல."

அவர் பேனாவை மூடினார். "ஊர்ல யாரும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ஷகிலா குனிந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த நெருஞ்சியைப் பிடுங்கினாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அங்க ஆளப் பாத்தீங்களா? பாத்திருந்தா சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்கு. ஆள் இருந்தது உறுதியானா மறுபடி சுட வாய்ப்புத் தரணும். அதுதான் விதி."

பின்னால் தட்சிணாமூர்த்தி சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். நாடகம் என்று சொன்ன ஆள் பத்தடி தள்ளி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். பிறகு ஜீப் கிளம்பும். சேதராப்பட்டு ரோட்டில் விறகுக்கட்டோடு நடந்துபோகும் நீலச் சட்டையைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

"இல்ல சார்," என்றேன். "யாரையும் பாக்கல. ஆடு மேய்ஞ்ச தடம் இருந்துது."

நடுவர் என் கையைப் பார்த்தார். என் உள்ளங்கையில் கருவேலம்பட்டையின் கீறல்கள் புதிதாக இருந்தன. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, வேலி, சுற்றிப் பார்த்தல், கொடி என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டொரு வருடம் போட்டிகளில் எனக்கு 'டைம் கலை' என்று பெயர். தட்சிணாமூர்த்தி சாருக்கு மட்டும், அவர் பணி ஓய்வு பெற்ற அன்று நடந்ததைச் சொன்னேன். "அன்னிக்கே தெரியும்மா. ரெண்டு பேரும் ஒரே மாரி பொய் சொல்லிகினு நின்னீங்க," என்றார். வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்த அம்மா பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று பரிசளிப்பு முடிந்து வேன் கிளம்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஷகிலா என் தோளைத் தட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். சுடுதள வாசலில் ஒருவர் கம்பத்துக் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். வெகுநாள் அவிழ்க்காத முடிச்சு போலிருக்கிறது. பல்லால் கடித்து இழுத்தார். கடைசியில் அது இளகியது. வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகிப் போயிருந்த அந்தச் சிவப்புக் கொடி, ஒரு முறை சிக்கி நின்று, பிறகு இறங்கியது.